லண்டனிலிருந்து வந்த தீர்ப்பு

திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட்டுப் பக்கம் இதைச் சொன்னால் இன்றும் யாரும் சிரிக்கமாட்டார்கள். 1987-ல், பட்டப்பகலில் நடந்தது.

வக்கீல் வெங்கடசுப்ரமணியன் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. டெலிபோன் ரிசீவரை ஒரு பெட்டியில் பதித்தால் வெளிநாட்டுத் தீர்ப்புகளைத் தேடித் தரும். கம்பெனிகள் இரண்டு. ஒன்று அமெரிக்கா, மற்றது லண்டன். எதை வாங்குவது? இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கும்படி ஜூனியர் நாகலக்ஷ்மியிடம் சொன்னார்.

கேள்வியையும் அவரே சொன்னார். ஒரு குழந்தையின் சாட்சியை மட்டும் நம்பித் தூக்குத் தண்டனை கொடுக்கலாமா?

நாகலக்ஷ்மியின் விரல்கள் தயங்கின. அது பிச்சைக்கனியின் வழக்கு. வெங்கடசுப்ரமணியன் வாதாடித் தோற்றது. அவனைத் தூக்கிலிட்டு எட்டு வருஷம். அவன் தாய் மாடம்மாள் அதே அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மகனுக்காக வக்கீல் ஆனமட்டும் போராடினார் என்ற நன்றியில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள்.

அமெரிக்காவில் ஒன்றும் அகப்படவில்லை.

லண்டனுக்குப் போட்டாள். கீ...ங் என்று நீளமாக ஒரு சத்தம். பிறகு, பச்சை எழுத்தில் ஒரே ஒரு தீர்ப்பு. கொடுக்கக் கூடாது என்றது.

வக்கீலுக்கு ஒரே உற்சாகம். "இதையே வாங்கிடலாம்."

மாடம்மாள் என்னவென்று கேட்டாள். நாகலக்ஷ்மி பேச்சை மாற்றப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"இது அன்னைக்கு என் கையில இருந்திருந்தா, உம் பையன் தொங்கியிருக்க மாட்டான்."

"அப்போ... அவன விட்டிருப்பாவளா?"

"விட்டிருப்பா."

அவள் துணியைப் பிழிந்தாள். வாளியை மூலையில் வைத்தாள். போய்விட்டாள்.

இணைப்பைத் துண்டிக்க நாகலக்ஷ்மி ரிசீவரை எடுத்தாள். காதருகே கொண்டுபோனாள்.

இரைச்சல் இல்லை.

மூச்சு.

பிறகு ஓர் ஆண் குரல். மெதுவாக...

"அம்மை பொறப்பட்டாச்சா?"

மறுநாள் மாடம்மாளின் அறைக் கதவை உடைக்கவேண்டியிருந்தது. மகன் போன வழியிலேயே போயிருந்தாள்.

வக்கீலுக்கு அந்தத் தீர்ப்பு வேறொரு வழக்குக்கு வேண்டியிருந்தது. நாகலக்ஷ்மி மறுபடி முயன்றாள். லண்டன் கிடைக்கவே இல்லை. கம்பெனியின் பம்பாய் ஏஜெண்டை போனில் பிடித்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்டார். திருவனந்தபுரத்துக்கு லைனை அவர்கள் இன்னும் திறக்கவே இல்லையாம். திங்கட்கிழமைதான் திறப்பார்களாம்.