ஒரு புள்ளிகூட இல்லாத தட்டு

ஸ்மிதாவுக்குச் சந்தேகப் புத்தி. கால்நடை ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன் நான்; பத்து வருஷமாய் அனுபவிக்கிறேன். மாட்டின் பாலைத் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டியில் வைத்து, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. உயிருள்ளதுதான் முளைக்கும், செத்தது முளைக்காது.

குழித்துறைப் பக்கம் ஞானபாய் அக்கா. கணவர் இல்லை, ஒற்றை மாட்டை வைத்துத்தான் ஜீவனம். அந்த மாட்டுக்கு மடிநோய் வந்துவிட்டது. ஊசி போட்ட டாக்டர், “கிருமி இன்னும் சாகலைன்னா மருந்தை மாத்தணும், இல்லைன்னா மடியே போயிரும்” என்று சொல்லி அக்காவை எங்களிடம் அனுப்பினார். பால் கொண்டுவரச் சொல்லி ஸ்மிதா ஒரு குப்பியைக் கொடுத்துவிட்டாள். மறுநாள் அக்கா பாலோடு வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. எனக்குச் சந்தோஷம்.

“ஊசி வேலை செஞ்சிருக்கு, கிருமி செத்துப்போச்சு. எழுதி அனுப்பிரு” என்றேன்.

“கறந்த பாலுன்னா, கையில உள்ள கிருமியாவது முளைக்கும். இது என்ன இப்பிடித் தொடச்சுவச்ச மாதிரி?”

மிச்சப் பால் இருந்த குப்பியைத் திறந்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

“காய்ச்சி ஆற வச்சுத்தான் தந்தேன் மக்கா. ஆபீசுக்குப் பச்சைப் பாலையா கொண்டுவர முடியும்?” என்றார் அக்கா. மரியாதை தெரிந்த மனுஷி, என்ன சொல்ல!

ஸ்மிதா அன்றே ஸ்கூட்டரில் போய், காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதலில் வந்த பாலைக் கீழே விட்டு, தானே கறந்து வந்தாள். இந்தப் பாலைத் தடவிய தட்டில் கிருமி மஞ்சள் மஞ்சளாய் முளைத்தது. டாக்டர் மருந்தை மாற்றினார், மாடு தேறியது. ஆனால் ஒரு காம்பு வற்றிவிட்டது. வீணாய்ப் போன நாட்கள்தான் காரணமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நான் எத்தனை சொல்லியும் ஸ்மிதாவுக்கு மனசு ஆறவில்லை.

ஒரு சனிக்கிழமை மாட்டைப் பார்க்க இருவரும் போனோம்.

“நான் காய்ச்சாம தந்திருந்தா இதுவும் பிழைச்சிருக்கும், இல்லியா?” என்று அந்தக் காம்பைத் தொட்டுக் கேட்டார் அக்கா.

“தப்பு எனக்கதுதான் அக்கா. காய்ச்சக் கூடாதுன்னு நான் சொல்லேல்ல” என்றவள் அழுதுவிட்டாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ அன்னைக்கு ஓடி வந்ததுனாலல்லா மக்கா, மத்த மூணு காம்பும் இருக்கு.”