தொடை இடுக்கில் இருந்த பொருக்கு

ஆட்டுக்குப் புல் அறுக்க நானும் என் ஓர்ப்படியும் வாய்க்கால் கரைக்குப் போவோம். பரங்கிப்பேட்டை போகிற வழியில்தான் எங்கள் ஊர். அவள் என் கொழுந்தனாரின் பெண்சாதி; என்னைவிட ஆறு வயது சின்னவள். இரண்டு பேருக்குமே புருஷன் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் குளிக்கும்போது பாவாடையை விலக்கித் தொடை இடுக்கைக் காட்டினாள். சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாக ஒரு பொருக்கு.

"வலியும் இல்ல, அரிப்பும் இல்லக்கா. யாருகிட்டயும் சொல்லிப்புடாத. மானம் போயிடும்."

"எனக்கும் மாருக்கு அடியில ஒண்ணு இருக்குடி."

"ரெண்டு கெழவிக்கும் எவன் சூடு வச்சிட்டுப் போனான்?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டோம்.

இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்து ஊரில் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் மகன் தன் ஷேர் ஆட்டோவிலேயே சிதம்பரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். துணைக்கு நான் போனேன். அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது.

டாக்டர் சின்னப் பையன். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாட்டி, இவங்க உடம்புல எங்கயாவது கருப்பா புண்ணு இருக்கா? உண்ணி கடிச்ச மாதிரி?"

பக்கத்தில் அவள் மகன் நின்றான். இருக்கிறது என்றால் எங்கே என்பார்கள். உனக்கும் இருக்கிறதா, காட்டு என்பார்கள். எனக்குக் காது சுட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லிங்க" என்றேன்.

மறுநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கடலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

ஊரில் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவளைக் குளிப்பாட்டினோம். தண்ணீர் ஊற்றியவள் நான்தான். மஞ்சள் கரைந்து ஓட, அந்தப் பொருக்கு அப்படியே தெரிந்தது. வேறு யாரும் பார்க்கும் முன் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

காரியம் முடிவதற்குள் நானும் காய்ச்சலில் விழுந்தேன். அதே மகன் என்னையும் கடலூருக்குத் தூக்கிப்போனான். அங்கே ஒரு நர்சம்மா ரவிக்கையில் கை வைத்ததும் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடு பாட்டி. சாவப்போற நேரத்துல என்னாத்துக்கு இம்மாம் வெக்கம்?"

மாருக்கு அடியில் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள். உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வெறும் மாத்திரை. இரண்டாம் நாளே உடம்பு குளிர்ந்துவிட்டது.

அன்றைக்கு மொட்டைத் தலையோடு அவள் மகன் இட்லி வாங்கி வந்தான். பிட்டுக் கையில் கொடுத்தான்.

"பெரிம்மா, ஒங்களுக்கு இருந்த மாதிரி அம்மாவுக்கும் புண்ணு ஏதும் இருந்துச்சா? ஒண்ணாதான குளிப்பீங்க?"

"இல்லடா."

"இருந்திருந்தா அத வச்சே கண்டுபுடிச்சிருப்பாங்களாம், பொழச்சிருக்கும்னு நர்சம்மா சொல்லுது. எங்கம்மா தலையெழுத்து." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்களாவது கடைசி வரைக்கும் அது கூடவே இருந்தீங்க. இன்னொண்ணு வைக்கட்டா?"

பத்து நாளாகச் சோறு இறங்காத வயிறு. நன்றாகப் பசித்தது.

"வையி" என்றேன்.