இரண்டாம் கியரில் வெள்ளிமலை

கள்ளக்குறிச்சியில் கிரேஸ் டீச்சர் என்றால் பாதி ஊருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். வக்கீல், துணிக்கடை முதலாளி, பேங்க் மேனேஜர் என்று எத்தனையோ பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வியர்த்து விறுவிறுத்துத்தான் லைசென்ஸ் எடுத்தார்கள். "சத்தம் கேக்குதில்ல? கியர மாத்து! இஞ்சின் கத்தறது காதுல வுழலயா?" என்று அவள் போடுகிற அதட்டல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

ஆனால் ஒரு கொடுமையை யோசித்துப் பாருங்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கு இடது பக்க சீட்டு. காலுக்குக் கீழே பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு, ஆக்சிலேட்டர் மட்டும் கிடையாது. பதினெட்டு வருஷமாக அடுத்தவன் போகிற வேகத்தைக் குறைப்பதே அவளுக்குப் பிழைப்பு. சாயங்காலம் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் அவளே ஓட்டுவாள். சந்தை நெரிசலில் அதுவும் முப்பதைத் தாண்டாது. அவளுக்கு வலது கால் நமநமவென்றிருக்கும்.

அப்படிப்பட்டவள் போன தை மாதம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டாள்! அவளிடம் ஓட்டப் பழகிய பல் டாக்டர் சுபஸ்ரீ, வெளிநாடு கிளம்பும்போது தள்ளிவிட்டுப் போன பழைய வண்டி அது. சிவப்பு நிறம். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. கட்டிலுக்கடியில் விழுந்ததை எடுக்கப் போகிற மாதிரி குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். ஏலச்சீட்டுப் பணம் முழுவதையும் அதில் போட்டுவிட்டு, கிரேஸ் அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லாமல் சந்தோஷமாகப் புரண்டுகொண்டிருந்தாள்.

வீட்டில் ரகளை. கணவர் செபாஸ்தியான் திருக்கோவிலூர் தாலுகா ஆபீசில் கிளார்க், வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து அவர் தம்பி ஜோஸ்வா குதித்தான்.

"ரெண்டு பேரு உக்கார்ற வண்டிய வச்சிக்கினு இன்னா அண்ணி பண்றது? மூணாவது ஆளு மடியிலயா உக்காருவான்?"

அவன் வாயில் விழுந்தது போதாதென்று வண்டியும் அவள் மானத்தை வாங்கியது. வேகத்தடையைக் கண்டால் அடி தட்டும். நண்டு மாதிரி கோணலாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடும்போதே குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே பாடத்தைத்தான் அவளும் ஓட்டினாள்: பத்தில் இரண்டாம் கியர், இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. மீட்டர் வட்டத்தில் இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்கு ஒன்பது வரைக்கும் எண் போட்டிருந்தது. முள் இரண்டைத் தாண்டி அவள் பார்த்ததில்லை. துருகம் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ ஆட்களை அடைத்துக்கொண்டு அவளை முந்திப் போனது. "டீச்சர், எறங்கி தள்ளி வுடட்டுமா?" என்று உள்ளேயிருந்து ஒருவன் கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மெக்கானிக் பழனி இரண்டு தரம் பிரித்துப் பார்த்தான். "இஞ்சின் கல்லு மாதிரி கீது டீச்சர். ஒதர்றது எதுக்குன்னு எனக்கே புரியல" என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

இந்த நேரம் பார்த்து ஜோஸ்வா வண்டியை விலைபேச ஆள் பிடித்து வந்தான். பெயர் வெற்றிவேல். கல்யாண மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வண்டி விடுகிறவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு மேல பூவு ஜோடிச்சா சும்மா ஜம்முனு இருக்கும். மோளத்துக்குப் பின்னால மெதுவா உருட்டிக்கினே வரலாம்" என்றார்.

கிரேஸுக்குச் சுருக்கென்றது. மேளத்துக்குப் பின்னால் உருட்டவா இதை வாங்கினாள்? ஆத்திரத்தில் வார்த்தை விழுந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வெள்ளிமலைக்கு ஓட்டிக் காட்டறேன். வழியில ஒரு எடத்துல நின்னாலும் அங்கியே சாவிய குடுத்துடறேன். எடுத்துக்குங்க."

"பேச்சு மாற மாட்டீங்களே அண்ணி?" என்றான் ஜோஸ்வா. செபாஸ்தியான் தம்பி சொன்னதற்குத் தலையாட்டினார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினார்கள். கிரேஸுக்குப் பக்கத்தில் ஜோஸ்வா. பின்னால் வெற்றிவேலின் ஜீப், அதில் செபாஸ்தியான். நின்றால் கட்டி இழுக்க ஜீப்பில் கயிறுகூடப் போட்டிருந்தார்கள், பாவிகள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ரோடு ஆரம்பித்தது. மூன்றாம் கியரிலேயே ஏற்றத்தில் ஏறினாள். வண்டி திணறியது. இரண்டாவது வளைவில் உடம்பெல்லாம் உதறி, அணைவதுபோல் போய்க் கடைசி நொடியில் பிழைத்தது. பின்னால் வெற்றிவேல் ஹாரன் அடித்தார். கிரேஸுக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மாதாவே, கைவிட்டுடாதே என்று வேண்டிக்கொண்டு இரண்டாம் கியருக்கு இறக்கினாள்.

ஜோஸ்வா சும்மா வந்திருக்கலாம். வரவில்லை.

"நாப்பது வயசுக்கு மேல இன்னாத்துக்கு அண்ணி ஸ்போர்ட்ஸ் காரு? ஊரே சிரிக்குது. அண்ணனுக்கு ஆபீஸ்ல தல நிமுர முடில, தெரியுமா?"

"அவுரு சொன்னாரா?"

"அவுரு எங்க சொல்லுவாரு? நாங்கதான் சொல்லணும்."

அவ்வளவுதான். கிரேஸுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "நீ லைசென்ஸ் எடுக்க எட்டு போடறப்ப கம்பத்துல மோத இருந்தியே, அப்ப எவன்டா பிரேக் புடிச்சான்? எங்கிட்டயே நாயம் பேசறியா?" என்று கத்தினாள். கத்துகிற வேகத்தில் வலது கால் தன்னாலே கீழே போயிற்று. இன்ஜின் உறுமிற்று. முள் மூன்றைத் தாண்டி, நான்கைத் தாண்டி ஏறியது.

ஜோஸ்வா பதறிப்போனான். "அண்ணி, கியரு! கியர மாத்துங்க! சத்தம் கேக்கல? நீங்கதான சொல்லுவீங்க!"

பழக்கதோஷம், கை கியர் தடிக்குப் போய்விட்டது. இன்ஜின் வெடித்துவிடுமோ என்று பயந்தாள். ஆனால் ஒன்றைக் கவனித்தாள். வண்டி உதறவில்லை. வாங்கின நாளிலிருந்து முதல் தடவையாக உதறவில்லை! கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். காலை இன்னும் அழுத்தினாள். ஐந்து. ஆறு.

ஆறைத் தாண்டியதும் அந்த வண்டியின் குரலே மாறிப்போயிற்று. அதுவரை முனகிக்கொண்டிருந்தது கணீரென்று பாட ஆரம்பித்தது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் இருவரும் சீட்டோடு ஒட்டிக்கொண்டார்கள். அடேயப்பா, அது என்ன ஏற்றம்! கத்தவிட்டால்தான் ஓடுகிற வண்டியை இத்தனை நாளும் வாயைப் பொத்தி ஓட்டியிருக்கிறாள். வளைவு வந்ததும் பிரேக் பிடித்து, ஹாரன் அடித்து, திரும்பி, மறுபடி அழுத்தினாள். முன்னால் போன மரவள்ளிக்கிழங்கு லாரிக்காரன் கையைக் காட்டி வழிவிட்டான். அதைத் தாண்டும்போது கிரேஸ் வாய்விட்டுச் சிரித்தாள். ஜோஸ்வா இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, "யேசுவே, யேசுவே" என்றான். அன்றைக்குப் பூசையில்கூட அவன் அவ்வளவு பக்தியாக ஜெபித்ததில்லை.

வெள்ளிமலை டீக்கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜோஸ்வா கதவுப் பிடியிலிருந்து விரல் விரலாகக் கையை எடுத்தான். பிறகு மெல்ல, "அண்ணி, எறங்கறப்ப நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டா?" என்றான்.

"போடா!" என்றாள்.

டீ குடித்து முடித்து, கிளாஸைக் கழுவிக்கூட வைத்தாயிற்று. அப்புறம்தான் ஜீப் வந்தது. வெற்றிவேல் குதித்து இறங்கினார். "யம்மா, இன்னா வண்டிம்மா இது! பேசனதுக்கு மேலயே தரேன், இப்பவே எடுத்துக்கறேன்" என்றார். கிரேஸ் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் செபாஸ்தியான் நடுவில் வந்து நின்றார்.

"வண்டிய குடுக்கறதா இல்லீங்க" என்றார்.

"இன்னாண்ணா, நீதான..." என்று ஜோஸ்வா இழுத்தான்.

"நீ சும்மா இருடா." தம்பியை அவர் அப்படி அதட்டி அவள் கேட்டதே இல்லை. அவளைப் பார்த்துத் திரும்பினார். "கிரேஸு, ரெண்டு வளவுலயே உன்ன காணோம். எனக்கு உசுரே போயிடுச்சி. அப்பறம் மேல இருந்து சத்தம் கேட்டுது பாரு. மல பூரா அந்த சத்தம்தான். அது என் பொண்டாட்டி ஓட்டறதுன்னு இவுருகிட்ட சொல்லிக்கினே வந்தேன். அத கேட்டப்பறம் எப்பிடி குடுக்கறது?"

கிரேஸ் நடுரோட்டில் நின்று அழுதாள். அழுதுகொண்டே போய் அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க" என்றாள். "கருமந்துறை வரைக்கும் ரோடு போவுது."