கேம்ப்பில் ஒரு தென்னம்பிள்ளை

“உம்மா, சனிக்கிழமை ஸ்கூலால கேம்ப் போறோம்! கூடாரத்துலதான் படுக்கிறது!” என்று மகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

கண் பார்க்க வருகிறவர்களும் கேம்ப் போடுகிறார்கள். இராணுவம் இருக்கும் இடமும் கேம்ப்தான். எனக்கோ அது வீட்டு விலாசம். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளம் வந்தவர்கள் நாங்கள். தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிசைகளில் நாங்கள் வளர்ந்த இடத்துக்கு, இன்று கல்வீடுகள் வந்த பிறகும், அதுதான் பெயர். காய்ந்த கிடுகும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது.

அங்கே வாப்பா நிலத்தில் எதையும் நட விடமாட்டார். என் உம்மாவின் மிளகாய்க் கன்றுகள்கூடப் பால்மா டின்னில்தான் வளர்ந்தன.

“ஊருக்குப் போகக்குள்ள தூக்கிட்டுப் போகலாம்” என்பார் வாப்பா.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, சைக்கிளில் ஒரு தென்னம்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தார். யாரோடும் கதைக்காமல் குடிசைக்குப் பின்னால் குழி வெட்டினார்.

“அப்ப ஊருக்குப் போறல்லயா?” என்று உம்மா கேட்டார்.

வாப்பா, தென்னை நடுகிற வழக்கப்படி, குழிக்குள் ஒரு கை உப்பைப் போட்டார். “தண்ணி கொண்டா புள்ள” என்றார்.

மகளின் பையில் போர்வையை மடித்து வைத்தேன்.

“எப்ப வீட்டுக்கு வருவீங்க, மகள்?”

“ஞாயிற்றுக்கிழமை” என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.