ராமாத்தாளுக்குப் படித்துக் காட்டிய கதை

1. நாளைக்கே வேண்டும்

மறுநாள் ஆடிட். எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருடைய ஆள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்க்கப் போகிறார். டாய்லெட் கழுவியாயிற்றா, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று காலையிலிருந்து அலைந்து என் கால் வீங்கிப் போயிருந்தது. மத்தியானம் ஜி.எம். கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சின்னச் சிக்கலுங்க. நம்ம கம்பெனில வாசகர் வட்டம் நடக்குதுன்னு மெயில்ல அடிச்சு விட்டுட்டேன்."

"எதுக்குங்க சார் அப்படிச் சொன்னீங்க?"

"வேலையத் தவிர தொழிலாளிகளுக்கு என்ன செய்யறீங்கன்னு கேட்டாங்க. கையில வந்தத அடிச்சுட்டேன். நாளைக்கு அந்த வட்டம் இருக்கோணுமுங்க."

அப்போது நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், தொழிலாளிகளின் நலனைக் கவனிக்கிற வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். இந்த வேலையில் இப்படித்தான். இல்லாததை இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிடுவார், அதை நாம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வீட்டிலிருந்த சிறுகதைத் தொகுப்புகளை ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். செக்கிங் செக்‌ஷனிலிருந்து சிலரைக் கேன்டீனில் உட்கார வைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். ஆடிட்டர் வந்தார், சிரித்தார், போட்டோ எடுத்தார், போனார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஜோதிமணி என் ரூம் வாசலில் வந்து நின்றாள். செக்கிங்கில் இருப்பவள், முப்பது வயதிருக்கும்.

"இன்னைக்கு இல்லீங்களா மேடம்?"

"என்னது?"

"கதை பேசறதுங்க. நான் ரெண்டு கதை படிச்சுப்போட்டேன்."

எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. எழுத வேண்டிய ரிப்போர்ட் மேசை மேல் கிடந்தது. ஆனாலும் எழுந்து போனேன்.

2. படித்தவர்கள் சொன்னது

முதல் சில வாரங்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "நல்லா இருந்துச்சுங்க." என்ன நல்லா இருந்தது என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது.

"கதைல வர்ற பொம்பளைங்கல்லாம் ஜன்னலோரமா உக்காந்து யோசிக்கறாங்க" என்றாள் ஜோதிமணி. "நானெல்லாம் பஸ்ஸுல நின்னுட்டே யோசிக்கறவ. பாதி யோசனைல ஸ்டாப்பு வந்துருது."

அயர்ன் மாஸ்டர் முத்துப்பாண்டிக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அவருக்குக் கதைகள் முடிகிற விதமே பிடிக்கவில்லை. "என்ன மேடம் இது, அவன் ரோட்டைக் கடந்தான்னு போட்டு முடிச்சுட்டாக. கடந்து எங்க போனான்? மிச்சப் பக்கத்தை யாரும் கிழிச்சுட்டாகளோன்னு பாத்தேன்."

"அதுக்கு மேல நாம நினைச்சுக்கோணுமுங்கண்ணா" என்றாள் ஜோதிமணி.

"நின்னுக்கிட்டே அயர்ன் போட்டுட்டு வந்து அதை வேற நான் நினைக்கணுமா?"

இந்தச் சண்டை வாராவாரம் நடந்தது.

ராமாத்தாள் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். மூலனூர்ப் பக்கத்து ஆள். பனியனில் பிசிறு வெட்டும் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் இல்லை. ஒரே மகன் சக்திவேல், ஏதோ வாக்குவாதத்தில் வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. மூலனூரிலிருக்கும் அவருடைய அண்ணனுக்கு அவன் அவ்வப்போது போன் செய்வதாகவும், தைப் பொங்கலுக்கு வருவதாகவும் அந்த அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். பல பொங்கல் போய்விட்டது.

3. இரண்டு முடிவு

ராமாத்தாளுக்காக ஜோதிமணி கதைகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு வாரம் அவள் கைக்கு வந்தது, வீட்டைவிட்டுப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. அந்தத் தாய் தினமும் சாயங்காலம் ஊருக்கு வருகிற கடைசி பஸ்ஸைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். புத்தகத்தில் அவன் வருவதே இல்லை. கடைசியில் ஒருநாள் பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது, அவள் எழுந்து போகாமல் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

ஜோதிமணி கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ராமாத்தாளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தடங்கலே இல்லாமல் படித்தாள். பஸ் நின்றது, மகன் பையோடு இறங்கினான், அம்மா என்று கூப்பிட்டான். புத்தகத்தில் இல்லாத வரிகள். அந்தக் கதையை முன்பே படித்திருந்த நாங்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டோம்.

"எப்படிங்கக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ராமாத்தாள் கொஞ்சம் யோசித்தார். "அந்தம்மா தினமும் பஸ்ஸுக்குப் போறான்னு எழுதியிருக்குது. தினமும் போக முடியாது கண்ணு. மொத வருசம் போவாங்க. அப்புறம் கால் வலிக்கும், வேலை கெடக்கும். போகாத அன்னைக்குத்தான் பயமா இருக்கும், இன்னைக்குன்னு பாத்து வந்திருப்பானோன்னு." அப்புறம் சொன்னார்: "இருந்தாலும் வந்துட்டானே. நல்ல கதை."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை அதே கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஜோதிமணியும் அதே முடிவைப் படித்தாள்.

ஒரு வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று ஜோதிமணி லீவு. ராமாத்தாள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து முத்துப்பாண்டியிடம் கொடுத்தார். அவர் அதை அதுவரை படித்ததில்லை, ஜோதிமணி படித்த நாட்களில் ஷிப்மென்ட் அவசரத்தில் அயர்ன் டேபிளை விட்டு வரவும் இல்லை. உள்ளதை உள்ளபடி படித்தார். பாத்திரம் விளக்குவதோடு நிறுத்திப் புத்தகத்தை மூடினார்.

"அவன் பஸ்ஸ விட்டு எறங்குவானே?" என்றார் ராமாத்தாள்.

முத்துப்பாண்டி திரும்பப் புரட்டிப் பார்த்தார். "இல்லம்மா. இதுல அப்படி எதுவும் போடலயே."

ராமாத்தாள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமுங்களா மேடம்?"

"தெரியுமுங்க" என்றேன்.

 அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வேலை டேபிளுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் வரவில்லை. ஜோதிமணியோடு பேச்சும் இல்லை. வேலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், ராமாத்தாள் டேபிளின் அந்தக் கோடிக்கு மாறிப் போனார். ஜோதிமணி என்னிடம் வந்து அழுதாள். "அவங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க மேடம் அதப் படிக்கறது?" என்றாள். 

4. கேட்டுத் தெரிந்துகொண்டது

சில வாரங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை, ராமாத்தாள் வேலைக்கு ஏறுவதற்கு முன் நேராக என் ரூமுக்கு வந்தார்.

"ஊருக்குப் போயிருந்தனுங்க மேடம். கதைல பண்ணுன மாதிரி அண்ணனும் பண்றாரோன்னு தோணிப்போச்சு, உக்கார வெச்சுக் கேட்டுப்போட்டேன். பையன் ஒரு போனும் பண்ணுலீங்க. ஒருக்காக்கூடப் பண்ணுல. நான் அழுவேன்னு இவராவே சொல்லிட்டு இருந்திருக்கறாரு."

நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"பையன் பேசறான்னு நம்பித்தானுங்களே நான் எங்கயும் போய்க் கேக்காம இருந்தேன். அவன் இருக்கறானா இல்லையான்னே இப்பத் தெரியலீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கோணும். கூட வாரீங்களா?"

போனேன். நீண்ட நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கம்ப்ளெய்ன்ட்டை வாங்கிய போலீஸ்காரர், "ஏம்மா, இத்தனை வருசம் என்ன பண்ணிட்டு இருந்தே?" என்று கேட்டார்.

"வந்துருவான்னு சொன்னாங்க சாமி" என்றார் ராமாத்தாள்.

 அவர் எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் அலைச்சல்தான். இன்றைக்கு ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க என்பார்கள். பர்மிஷன் போட்டுவிட்டுப் போவோம், திரும்பி வருவோம். எங்கேயோ அடையாளம் தெரியாத ஒரு உடலின் போட்டோவை ஒருமுறை காட்டினார்கள். ராமாத்தாள் அதை வாங்கி, நன்றாகப் பார்த்து, "இவன் இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு நான் ரிப்போர்ட் எதுவும் எழுதவில்லை.

கடைசியில் ஆள் கிடைத்தான். கேரளாவில் ஒரு பிளைவுட் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தான். ஸ்டேஷனில் நம்பர் வாங்கி வந்து என் ரூமிலிருந்துதான் ராமாத்தாள் பேசினார். மெஷின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். நான் எழுந்திருக்கப் போனபோது கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நல்லா இருக்கறனுங்மா" என்றான் அவன். "கல்யாணம் ஆயிருச்சு. இப்ப வர முடியாது. பொங்கலுக்குப் பாக்கலாமுங்."

"சக்தி, பொங்கல விடு. வருவியா, மாட்டியா? எதுன்னாலும் உன்ற வாயால சொல்லு. அடுத்தவங்க சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிட்டேன்."

 "வரமாட்டனுங்மா" என்றான்.

"செரி" என்றார். "ஊட்டுக்காரிய நல்லா வெச்சுக்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலைக்குப் போக வேண்டாம், கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "உசுரோட இருக்கறானுங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். பிசிறு வெட்டப் போய்விட்டார்.

5. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

வெல்ஃபேர் ஆபீசர் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஃபைல் வைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதெல்லாம் தானாகப் பழகிவிடும். ஆளை வேலையிலிருந்து எடுக்கும்போதும், லீவு இல்லை என்னும்போதும், ஆஸ்பத்திரி ரிசல்ட் வரும்போதும் "பார்க்கலாம்", "சரியாகிவிடும்" என்று சொல்லத்தான் நமக்கு வாய் வருகிறது. இரக்கத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டவர் அதை நம்பி உட்கார்ந்துவிடுகிறார், தேட வேண்டியதைத் தேடாமல் விட்டுவிடுகிறார். அவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நாமே முடிவு செய்துவிட வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே எழுந்து போகாமல் கூட உட்கார்ந்திருங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

மகனோடு போனில் பேசிய வாரமே ராமாத்தாள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் திரும்பி வந்தார். ஜோதிமணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதையும் பேசித் தீர்க்கவில்லை. ஜோதிமணி வேறொரு தொகுப்பை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற கதை. சாவில்தான் போய் முடியும் என்று போகப் போகத் தெரிந்தது. கடைசிப் பத்தியில் அவள் குரல் தேய்ந்து நின்றது. நாங்கள் யாரும் நிமிரவில்லை.

ராமாத்தாள் அவள் முழங்காலில் கையை வைத்தார்.

"படி கண்ணு. நான் இருக்கறேன்."