பதினேழின் குரல்

கல்லூரியில் புதன்கிழமை காலைகளில் எனக்குப் பெயர் கிடையாது. நான் பதினாறு. உடற்பயிற்சி வகுப்புக்கு வந்த முப்பத்தொரு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, பயிற்சியாளர் முதல் நாளே ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் அவர். கோச் என்றுதான் கூப்பிடுவோம். எங்களில் பாதிப் பேருடைய பெயர் அவர் வாயில் நுழையவில்லை, அதை ஒப்புக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை. வகுப்பு தொடங்கும்போது ஒருமுறை, ஓடி முடித்துத் திரும்பியதும் ஒருமுறை, வரிசைப்படி அவரவர் எண்ணை மலாயில் உரக்கச் சொல்ல வேண்டும். சத்து, டுவா, தீகா என்று இடது ஓரத்தில் கிளம்பும் சத்தம் என்னிடம் வந்து சேரும்போது எனாம் பெலாஸ் ஆகியிருக்கும். எனக்கு அடுத்து நிற்பவள் துஜோ பெலாஸ், பதினேழு.

இன்னொரு விதியும் இருந்தது. தனக்கு அடுத்து நிற்க வேண்டியவர் வரவில்லை என்றால், அவருடைய எண்ணைச் சொல்லி ‘தாக் அடா’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லை என்று அர்த்தம். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லாமல் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த எண் விவகாரத்தை அம்மாவிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். விடியும்முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பெரட்டில் நிற்கக் கூடாது என்றுதானே உன்னைப் படிக்க அனுப்பினேன், அங்கேயும் போய் நிற்கிறாயா என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

எங்கள் கல்லூரித் திடலுக்குப் பின்னால் வேலி முடிகிற இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். தோட்டத்தின் ஒரு பகுதியைச் சுற்றிக்கொண்டு செம்மண் சாலை ஒன்று போகிறது. அதில் ஒரு சுற்று ஓடித் திடலுக்குத் திரும்புவதுதான் வகுப்பின் முக்கிய வேலை. ஏழரை மணிக்கு அங்கே பனி இறங்கியிருக்கும். முதல் வளைவில் முன்னால் ஓடுகிறவரின் முதுகு தெரியும். இரண்டாவது வளைவில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கப்புறம் அதுவும் இருக்காது. செம்பனை மட்டைகள் சாலைக்கு மேலே கவிந்து கிடக்க, நம் மூச்சை நாமே கேட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

பதினேழு என் அறைத்தோழி. பெண்டாங் பக்கத்துப் பெண், வயல்வெளி பார்த்து வளர்ந்தவள். செம்பனைக் காட்டைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது, எப்படித்தான் இதற்குள் பிறந்து வளர்ந்தாயோ என்பாள். எனக்கு அது போதாதா? தோட்டத்துக்காரி என்ற திமிரில், ஓட்டத்தின் முதல் வாரமே அவளையும் வகுப்பையும் உட்கார வைத்துக் கதை அளந்தேன். தோட்டத்துக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; மறைந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். உன்னை யாராவது கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்காதே. அதற்கு இரண்டு முறைதான் கூப்பிட வரும், மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் மனிதர். இதெல்லாம் தோட்டத்தில் எல்லாரும் சொல்வது. நான் கொஞ்சம் உப்பு புளி சேர்த்துச் சொன்னேன், அவ்வளவுதான். மலாய் மாணவர்கள் தங்கள் கம்பத்துக் கிராமங்களிலும் இதே பேச்சு உண்டு என்றார்கள். அன்றிலிருந்து திடலைத் தாண்டினால் எல்லாரும் எல்லாரையும் எண் சொல்லியே கூப்பிட்டோம். விளையாட்டாகத் தொடங்கியது, இரண்டு வாரத்தில் யாரும் மீறாத சட்டமாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கு இழுப்பு இருந்தது. வகுப்பில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்குவாள், பையின் உள்ளறையில் மருந்து உறிஞ்சும் குழல் வைத்திருப்பாள். கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் ஓடாமல் உட்கார்ந்திருக்கலாம். வாங்கமாட்டேன் என்றாள்.

“போலீசுக்கு எழுதிப் போட்டிருக்கேன் லா. இழுப்புன்னு ஒரு கடுதாசில ஏறிட்டா, அப்புறம் எவன் எடுப்பான்?”

அவள் வீட்டில் யாருக்கும் அவள் போலீஸ் ஆவதில் சம்மதம் இல்லை. அவளுக்கு அதைத் தவிர வேறு எதிலும் ஆசை இல்லை. மூன்று வகுப்பு வராவிட்டால் தேர்ச்சி கிடையாது, தேர்ச்சி இல்லாவிட்டால் விண்ணப்பமும் கெட்டது. நெஞ்சு அடைக்கிற நாட்களில் அவள் அறையிலேயே படுத்துக்கொள்வாள். நான் வரிசையில் நின்று என் எண்ணைச் சொல்லிவிட்டு, தலையைச் சற்றுத் திருப்பி, அவள் குரலில் அவள் எண்ணையும் சொல்வேன். மெல்லிய குரல் அவளுக்கு. பெலாஸ் என்னும்போது கடைசியில் லேசாக உடையும். அந்த உடைசலைப் பிடிக்க அறையில் பயிற்சி செய்தேன், அவள் கட்டிலில் உருண்டு சிரித்தாள். கோச் குனிந்து தாளில் கோடு போட்டுக்கொண்டே காதால்தான் எண்ணுவார். கண்ணாடி போடமாட்டார். பனியும் எங்கள் கட்சியில் இருந்தது.

முதல்முறை கோச்சை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான்காவது முறை அவர் பக்கம் பார்க்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லியது. அந்த நாளில்தான் பதினெட்டு என்னிடம் ஒன்று கேட்டாள். பதினெட்டு அதிகம் பேசாத சீனப் பெண். உன் தோழிக்கு உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டாள். ஏன் என்றேன். இன்று என் பக்கத்தில் நிற்கும்போது தைல வாசனை தூக்கலாக அடித்தது என்றாள்.

என் தோழி அந்த நேரத்தில் விடுதியில் போர்வைக்குள் இருந்தாள். ஒரே அறை, என் சட்டையில் ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சட்டையை அன்று காலையில்தான் கொடியிலிருந்து எடுத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். பயந்தது நான்.

அதற்கடுத்த வாரம் அவள் வந்தாள். முந்தின இரவு மழை பெய்து பனி வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. வரிசையில் என் பக்கத்தில் நின்று அவள் எண்ணை அவளே சொன்னாள். எனக்கு ஒரு கணம் என்னவோ போலிருந்தது. என் பொருளை வேறொருத்தி எடுத்ததைப் போன்ற எரிச்சல் அது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பைகளைத் திடல் ஓரத்துப் பலகையில் வைத்துவிட்டு ஓடினோம். முதல் வளைவு வரை சேர்ந்தே போனோம். பிறகு அவள் கையை ஆட்டி, நீ போ என்றாள். நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற வெறியில் நான் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. கோச் அவசரப்படுத்தினார். எல்லாரும் இரைக்க இரைக்க வரிசையில் விழுந்தோம். நான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். எண் வந்தது. எனாம் பெலாஸ் என்றேன். துஜோ பெலாஸ் என்று கேட்டது. மெல்லிய குரல், கடைசியில் லேசான உடைசல். வந்துவிட்டாள் என்று நினைத்தேன். லாப்பான் பெலாஸ் என்றாள் பதினெட்டு. எண்ணிக்கை முப்பத்தொன்றில் முடிந்தது. கோச் தாளை மடித்தார், மழைக்கு எல்லாரும் கேண்டீனுக்கு ஓடினோம்.

பாதி நாசி லெமாக் சாப்பிட்ட பிறகுதான் அவளைக் காணோம் என்று உறைத்தது. அறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு திடல் ஓரமாக நடந்தபோது பலகையில் ஒரே ஒரு பை நனைந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளறையில் குழல் இருந்தது. குழலை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குத் திரும்பி ஓடினேன்.

பதினெட்டை இழுத்து, உன் பக்கத்தில் அவள் நின்றாளா என்று கேட்டேன். நின்றாள், எண் சொன்னாளே என்றாள். முகத்தைப் பார்த்தாயா என்றேன். யோசித்தாள். பார்க்கவில்லை, குரல் உன் பக்கமிருந்து வந்தது என்றாள்.

கோச்சிடம் ஓடினேன். எண்ணிக்கை சரியாக இருந்ததே என்று தாளைக் காட்டினார். ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலையைச் சுற்றக் கிளம்பினார். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து செம்பனைக்குள் நுழைந்தார்கள். நான் போட்ட சட்டத்தை அப்போதும் யாரும் மீறவில்லை. பனிக்குள் நாலா பக்கமும் துஜோ பெலாஸ், துஜோ பெலாஸ் என்று ஒரே கூக்குரல். யார் கூப்பிடுகிறார்கள், எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரு குரலுக்கு மறு குரல் பதில் சொல்வதுபோல இருந்தது. அவற்றில் ஒன்று எங்கள் ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

கடைசி வளைவில் நின்று, வருவது வரட்டும் என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப் பெயரை, அவள் அம்மா கூப்பிடுவது போல. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான். மூன்றாவது முறை கத்தினேன். வலது பக்கத்தில், வெட்டிக் குவித்த மட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது.

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இரைப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சாலையை விட்டு இறங்கி ஒளிந்திருக்கிறாள். அங்கிருந்து திடல் வெறும் கூப்பிடு தூரம். குழலை அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மூன்று அழுத்தலுக்குப் பிறகு ஒரு மூச்சு உள்ளே போனது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் ஓவென்று அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரித் தாளில் இழுப்பு என்ற சொல் ஏறிவிட்டது. போலீஸ் கனவு அத்தோடு போயிற்று. இப்போது மெர்கோங்கில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அதை ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆஸ்பத்திரியில்தான் ஒரே ஒருமுறை அன்று காலையைப் பற்றிப் பேசினாள். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக.

“மூணாவது தடவ கூப்பிட்டப்பதான் நீன்னு தெரிஞ்சுச்சு. நீதானே அப்படிச் சொல்லிக் குடுத்த.”

அதற்கு முன்னால் திடலில் நாங்கள் எண் சொன்னது கேட்கவில்லையா என்று கேட்டேன்.

“கேட்டுச்சு. சத்துலேருந்து எல்லாமே கேட்டுச்சு. பதினேழு இல்லன்னு நீ சொல்லுவ, வந்து தேடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். எங் குரல்லயே பதினேழு சொல்லிச்சு. சரி, நான் அங்கதான் இருக்கேன் போலன்னு நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டேன்.”

அதைச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. பழக்கப்பட்ட வாய் மூச்சு வாங்கிக்கொண்டே தானாகச் சொல்லியிருக்கலாம். அல்லது நான் கதையில் சொன்ன அதுவே, நான் வாராவாரம் கற்றுக் கொடுத்த குரலில் சொல்லியிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் கற்றுக் கொடுத்தவள் நான்தான்.

அடுத்த புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அவள் இன்னும் ஊரில்தான் இருந்தாள். பனி இறங்கியிருந்தது. என் வலப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. எண் இடதுபுறமிருந்து வந்தது. எனாம் பெலாஸ் என்று சொன்னதும் உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். மூச்சைக்கூட விடவில்லை. அது வரும், நான் வாயைத் திறக்காமலேயே வரும், வரிசையில் உள்ள எல்லாரும் கேட்பார்கள், அதற்கப்புறம் அது நானில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம் என்று காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேய்க்காக வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

ஒன்றும் வரவில்லை. கோச் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். பதினெட்டு என்னைப் பார்த்தாள். நான் கையை எடுத்தேன்.

“துஜோ பெலாஸ், தாக் அடா” என்றேன்.