எங்கள் கிளைக்கு இல்லாத கோடு

மஸ்கட்டிலிருந்து என் கணவர் அனுப்பும் சம்பளம் ஆறு வருடமாக அவருடைய அண்ணன் கணக்கில்தான் விழுந்தது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "உன் பேங்கு பிராஞ்சுக்கு ஸ்விஃப்ட் கோடு இல்லயாம். வெளிநாட்டுப் பணம் வராதாம். அண்ணன் விசாரிச்சிட்டாரு." அண்ணன் சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது.

மாதாமாதம் அந்த மனுஷன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். "போன மாசம் வாங்குனது என்னாச்சு?" என்று குடைந்துவிட்டுத்தான் ரூபாய் நோட்டை எடுப்பார். இந்த வருடம் பிளஸ் டூ படிக்கும் மகளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. போர்டில் எழுதுவதே தெரியவில்லை என்று அழுதாள். போய்க் கேட்டேன். "மொதல் பெஞ்சுல ஒக்காரச் சொல்லு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கையில் காய்ந்த களிமண்ணோடு பேங்குக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சட்டென்று சொன்னாள். "இந்த பிராஞ்சுக்குன்னு தனியா கோடு இல்லதாங்க. சென்னை மெயின் பிராஞ்ச் கோட போட்டு, உங்க கணக்கு நம்பர எழுதச் சொல்லுங்க. உங்க கணக்குக்கே வந்துடும். இங்க நெறய பேருக்கு அப்படித்தான் வருது."

பாஸ்புக் பின்னட்டையில் எழுதியும் கொடுத்தாள். இரண்டு நிமிட வேலை. இதற்கா ஆறு வருடம்! அந்த அண்ணன்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் அதிகம். விசாரிக்க எனக்கென்ன வாயில்லையா?

அதைப் போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். "சரி, பாக்கறேன்" என்று பதில் வந்தது. இந்த மாதம் கண்ணாடி உண்டு என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

சம்பள நாளன்று பேங்க் மெசேஜ் வரவில்லை. அண்ணனின் போன்தான் வந்தது.

"பணம் வந்துடுச்சு, வந்து வாங்கிக்க. பேங்குக்கெல்லாம் போனியாமே? என்னமோ கோடு எழுதிக்கினு வந்தியாமே? தம்பி எனக்கு அனுப்பி, என்ன பண்றதுன்னு கேட்டான். வேணாம்னுட்டேன்."

அதைக் கட் பண்ணிவிட்டு மஸ்கட்டுக்குப் போட்டேன். "அண்ணன் மனசு கஷ்டப்படும்ல" என்று இழுத்தார் என் கணவர்.

"என் காதுத் தோட்ட அடகு வெச்சு அவளுக்குக் கண்ணாடி வாங்கிக்கறேன்" என்றேன். "லீவுல வரும்போது ஜங்ஷன்ல எறங்கி, நேரா பணம் போற வூட்டுக்கே போங்க. இங்க வந்து கதவத் தட்டாதீங்க."